மாட்டுக்கு மேல்பல் கிடையாது

மனிதன் இயற்கையிலேயே மரக்கறி தின்னப் பிறந்தவன் என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால் என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அடுத்த அரைமணி நேரம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்குக் கத்திரிக்காயோடு ஒரு சண்டையும் இல்லை. கறி வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களோடும் இல்லை. அவரவர் வாய், அவரவர் வயிறு. ஆனால் ‘இயற்கை’ என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். வயது எண்பதைத் தாண்டியும் அது குறையவில்லை. குறைக்க நான் முயன்றதும் இல்லை.

அந்தக் கோபத்துக்கு ஊர் உண்டு, வருஷம் உண்டு. ஊர் திண்டிவனம். வருஷம் அறுபத்தொன்று. அங்கே ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியை ஒட்டியே பெண்கள் விடுதி. அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையில் சாப்பாடும் படுக்கையும்.

எங்கள் ஊர் கண்டமங்கலத்துக்குப் பக்கம். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. அம்மா ஊரார் வயலில் நாற்று நடவும் களை பறிக்கவும் போவாள். அப்பா விழுப்புரம் மாட்டுச் சந்தையில் ஒரு தரகருக்கு ஆள். மாடு பிடிக்க வருகிறவர்களுக்கு மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது அவர் வேலை. மாட்டின் வயது அதன் பல்லில் இருக்கிறது. பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருக்கிறதா, நாலா, ஆறா, கடைப்பல் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் பேரம் ஆரம்பிக்கும். “விக்கறவன் பேச்சக் கேக்காதீங்க, மாட்டு வாயப் பாருங்க” என்று வாங்க வந்தவர்களிடமே அப்பா சொல்லிவிடுவார். தரகருக்கு அது பிடிக்காது. ஆனாலும் அப்பாவை விட்டால் முரட்டு மாட்டின் வாயில் கைவிட வேறு ஆள் இல்லை.

வீட்டில் கேப்பைக் கூழ், கீரை, கருவாடு. மழை பிடித்தால் வயல் நண்டு, நத்தை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. கறி மிஞ்சிப்போனால் அம்மா உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவாள். உப்புக்கண்டம் என்போம். நன்றாகக் காய்ந்தால் மாசக்கணக்கில் கெடாது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான்தான். அந்தப் படிப்பைக் கூழும் நண்டும் உப்புக்கண்டமும் சேர்ந்துதான் படித்தன என்று சொன்னால் பொய்யில்லை.

விடுதியில் சைவச் சாப்பாடு மட்டும். ‘புலால் கொண்டுவரக் கூடாது’ என்று சாப்பாட்டுக் கூடத்தில் பலகையில் எழுதியே வைத்திருந்தார்கள். எழுதியவர் எங்கள் வார்டன் டீச்சர். வகுப்பில் சுகாதாரமும் இயற்கைப் பாடமும் அவர்தான் எடுத்தார். ஒல்லியான உருவம், கதர்ப் புடவை, அதிர்ந்து பேசாத குரல். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பங்குத் தயிரை எனக்கு ஊற்றியவர். ஆனால் ஊற்றிவிட்டு என் தலையைத் தடவி ஒன்று சொன்னார்.

“உன்னைப் பார்த்தா அதெல்லாம் சாப்பிடற வீட்டுப் பொண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

பாராட்டாகத்தான் சொன்னார். அப்படியானால் சாப்பிடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நினைத்தார்? கொம்பு முளைத்திருக்குமா? கேட்கவில்லை. காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தது. கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஒரு குறைதான்.

டீச்சர் ஒரு பூனை வளர்த்தார். வெள்ளையில் கறுப்புத் திட்டு. அதற்குத் தயிர்சாதம் போட்டுப் போட்டுச் சைவமாக்கிவிட்டதாக அவருக்குப் பெருமை. “பூனையே மாறும்போது மனுஷன் மாற முடியாதா?” என்று வகுப்பிலும் சொல்லுவார். அந்தப் பூனை மத்தியானம் பின்கட்டில் ஓணானைத் துரத்துவதைப் பார்க்காதவர் அந்த விடுதியில் அவர் ஒருவர்தான்.

ஆவணி மாச விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்தாள் அம்மா. “இன்னாடி இது, கோழிக் குஞ்சாட்டம்?” என்றாள். திரும்பும்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட ஒரு பைக்குள் ஒரு முழம் உப்புக்கண்டத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதைச் சுட்டுத் தின்னத்தான் வழி வேண்டும். விடுதியில் எல்லோருக்கும் பொதுவாகக் கரி போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நான் இஸ்திரி போட உட்கார்வேன். பெட்டியின் மூடியைத் திறந்து, தணலின்மேல் விரலளவு துண்டு ஒன்றை வைத்து மூடிவிடுவேன். ரவிக்கையை இரண்டு பக்கம் தேய்ப்பதற்குள் அது வெந்துவிடும். என்ன வாசனை என்று யாராவது கேட்டால் துணி கொஞ்சம் பொசுங்கிவிட்டது என்பேன். இரண்டு மாசம் அந்தப் பொய் ஓடியது. என் வகுப்புத் தோழிகளுக்கு நான் இஸ்திரி போடத் தெரியாதவள் என்ற பெயர் வந்ததுதான் மிச்சம்.

காட்டிக்கொடுத்தது பூனை. ஐப்பசி மழையில் காற்று ஈரமாகி, என் தகரப் பெட்டிக்குள் இருந்த துணிமூட்டை வாடையடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, பூனைக்குத் தெரிந்தது. இரண்டு நாள் அது என் பெட்டியை விட்டு நகரவில்லை. தயிர்சாதத்தைத் தொடவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று டீச்சர் அதைத் தூக்க வந்தார். அது அவர் கையைப் பிராண்டிவிட்டுப் பெட்டிமேல் ஏறிக்கொண்டது. “திற” என்றார்.

திறந்தேன். பூனை துணியோடு கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. என்ன அது என்று டீச்சர் கேட்டதற்கு, மாட்டுக்கறி உப்புக்கண்டம் என்றேன்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கியது. மறுநாள் காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தானே எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார். அழகான கையெழுத்து. ‘மனித இயற்கைக்கு மாறான உணவை உண்டு வளர்ந்த குற்றத்தையும், அதனை விடுதிக்குள் கொண்டுவந்த குற்றத்தையும் உணர்ந்து வருந்துகிறேன். இனி ஒருபோதும் அதனை உண்ண மாட்டேன்.’ கீழே எனக்கு ஓர் இடம், பெற்றோருக்கு ஓர் இடம்.

“கையெழுத்துப் போட்டுடு. உங்க அம்மாவையும் வரச் சொல்லி அவங்களையும் வைக்கச் சொல்லு. விஷயம் இதோட முடிஞ்சிடும். மேலே யாருக்கும் நான் எழுத மாட்டேன்” என்றார்.

“போடலைன்னா டீச்சர்?”

“விடுதியில வச்சுக்க முடியாது. உதவித்தொகையும் நின்னுடும். ஏன் போடாம?”

“கொண்டுவந்தது தப்புதான், ஒத்துக்கறேங்க. பலகையில எழுதியிருக்குது, மீறிட்டேன். அதுக்கு எத்தினி கையெழுத்து வேணும்னாலும் போடறேன். மொதல் வரிக்குப் போட மாட்டேன்.”

“ஏன்?”

“எங்க அம்மா அப்பா மனுச இயற்கைக்கு மாறினவங்க இல்லைங்க டீச்சர்.”

அவர் பெருமூச்சு விட்டார். இது யாரையும் குறைத்துச் சொல்வதல்ல, உடற்கூறு சம்பந்தப்பட்ட உண்மை, நாளைக்கு வகுப்பில் விளக்குகிறேன், கேட்டபிறகு நீயே போடுவாய் என்றார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

அறைத்தோழி என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் மேல்மலையனூர்ப் பக்கம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அவர்கள் வீட்டில் அம்மனுக்குக் கிடா வெட்டாத வருஷம் கிடையாது. வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறியும் மீனும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வரும்போது பஸ்ஸிலேயே சோம்பு மென்றுகொண்டு வருவாள். ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“வாய மூடிக்கினு கையெழுத்துப் போடுடி. சும்மா சோறு போட்டு, படிக்க வெச்சி, வேலைக்கும் வழி பண்றாங்க. தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாப்பாங்களா?”

“எங்கப்பாவுக்கு அதான்டி வேலையே.”

“எல்லாத்துக்கும் ஒரு பேச்சு. பேஜார் புடிச்சவ நீ. ஆடுன்னாக் கூட பரவால்ல, டீச்சர் வுட்டிருப்பாங்க. நீ அதப் போயி கொண்டாந்த பாரு.”

ஆடு பரவாயில்லை, கோழி பரவாயில்லை, மீன் பரவாயில்லை, மாடுதான் கூடாது. அப்படியென்றால் இது பல்லைப் பற்றிய பேச்சே இல்லை, தெருவைப் பற்றிய பேச்சு. அது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியிருக்கும். நல்லவள்தான், ஆனால் அந்தப் பேச்சுக்காக நான் அவளோடு நாலு நாள் பேசவில்லை.

மறுநாள் வகுப்பில் டீச்சர் ஒரு படத்தை மாட்டினார். மொத்தமான அட்டையில் அவரே வருஷங்களுக்கு முன் வரைந்த படம். மூன்று வாய்கள்: புலி, பசு, மனிதன். புலிக்குக் கோரைப்பல் கத்திபோல நீண்டிருந்தது. பசுவுக்கும் மனிதனுக்கும் மேலும் கீழும் ஒரே மாதிரி தட்டையான வெள்ளைப் பற்கள், வரிசையாக. அடியில், ‘மனிதனின் பல் பசுவின் பல்லை ஒத்தது, எனவே மனிதன் இயற்கையில் தாவர உண்ணி’ என்று எழுதியிருந்தது.

நான் அந்தப் பசுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்தாடையில் எட்டு முன்பல், முத்து முத்தாக. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“என்ன சிரிப்பு?”

எழுந்து நின்றேன். “டீச்சர், மாட்டுக்கு மேல முன்பல்லு கெடையாதுங்க.”

அந்த வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் மாடு கட்டியவர்கள். ஏர் ஓட்டுகிற வீட்டுப் பெண்கள், பால் கறக்கிற பெண்கள். நான் சொன்னது உண்மை என்று அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தி வாய் திறக்கவில்லை. அறைத்தோழி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பிராணிக்காவது ஒரு தாடையில பல் இல்லாம இருக்குமா? அப்புறம் எப்படிப் புல்லைக் கடிக்கும்?” என்றார் டீச்சர். பாவம், நிஜமாகவே கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பசுவைச் சுற்றி வந்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வாழைப்பழம் கொடுத்தவர். அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாய்ப்பக்கம் போனதில்லை.

“நாக்கால சுருட்டி, கீழ்ப்பல்லால அறுக்குங்க. மேல வெறும் ஈறுதான். கெட்டியா, செருப்புத் தோலாட்டம்.”

“உட்காரு. தெரியாததைப் பேசாதே.”

தெரியாததை. அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. சமையல்கட்டுக்குப் பின்னால் மரக்காணம் பக்கமிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு விறகு இறக்கிக்கொண்டிருந்தார். “டீச்சர், அஞ்சு நிமிஷம் வாங்க. நீங்களே பாருங்க. நான் பொய் சொல்லியிருந்தா அந்தக் காயிதத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன்” என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன். ஆனால் இதில் எனக்குத் தோற்க வழியே இல்லை.

அவர் வந்தார். அவருக்குப் பின்னால் வகுப்பே வந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வலத்து மாட்டின் பக்கம் போனதும் வண்டிக்காரர் பதறிவிட்டார்.

“யம்மா, யம்மா, முட்டப் போவுது! தூரப் போ!”

“சும்மா இருங்க. எத்தினி பல்லு இது?”

“ஆறு பல்லும்மா” என்றார், கேட்ட கேள்விக்குத் தன்னையறியாமல் பதிலாக.

இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, அப்பா செய்கிறதுபோலக் கடைவாய் இடுக்கில் விரலைக் கொடுத்து உதட்டைத் தூக்கினேன். மாடு தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றது. கீழே ஆறு பெரிய பல், ஓரத்தில் இரண்டு பால்பல். மேலே ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பில் வழவழவென்று ஈறு, கீழ்ப்பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த தடத்தோடு. டீச்சர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இப்ப உங்க வாயில நாக்கால மேல தொட்டுப் பாருங்க டீச்சர். முன்பல்லு நாலுக்கு ரெண்டு ஓரத்துலயும் கூரா ஒண்ணு இருக்குமே. அதுக்குக் கோரைப்பல்லுன்னு நீங்கதான பாடம் நடத்துனீங்க?”

பின்னால் நின்ற பெண்கள் எல்லோர் கன்னமும் ஒரே நேரத்தில் புடைத்தது. எல்லோரும் நாக்கால் தேடிக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கன்னமும் லேசாக அசைந்தது. நான் பார்த்தேன்.

“புலி மாதிரி இல்லையே அது” என்றார்.

“இல்லைங்க. புலியாட்டமும் இல்ல, மாட்டாட்டமும் இல்ல. கிழிக்க ஒண்ணு, அரைக்க ஒண்ணுன்னு ரெண்டும் இருக்குது. மனுச வாயி மனுச வாயாட்டம் இருக்குது. அவ்ளோதான்.”

“பல்லை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. குடல் இருக்கு. தாவரம் சாப்பிடற பிராணிக்குக் குடல் நீளம். மனுஷனுக்கும் நீளம்.”

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஊரில் ஆட்டுக்குடல் வாங்கினால் கழுவுகிறவள் நான். வாய்க்காலில் உட்கார்ந்து உருவி உருவி, உள்ளே வெளியே திருப்பிக் கழுவினால் இரண்டு கையும் விரித்துப் பிடிக்கிற பாகத்தில் பதினைந்து வரும், இடுப்புயர ஆட்டுக்கு. மனிதனுக்கு எத்தனை அடி என்று டீச்சரே சுகாதார நோட்டில் எழுதிப்போட்டிருந்தார்: இருபத்தைந்து அடி சுமார்.

“ஆட்டோட குடலு மனுசனோடத விட மூணு பங்கு இருக்குங்க டீச்சர். ஆளு உயரம் நம்மது அதிகம், குடலு கம்மி. நான் கழுவுனவ, சொல்றேன். நாம அசை போடறதும் இல்ல. பச்சைப் புல்லத் துன்னா நமக்கு வயித்தால போவும்.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு வகுப்பே சிரித்தது. நான் வேண்டுமென்று அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை, ஆனால் ஆளாகிவிட்டார். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஜெயித்துவிட்டேன் என்ற கொழுப்பில் நான் நின்றுகொண்டிருந்தேன். மாணவிகள் எதிரில் ஒரு வாத்தியாரைத் தோற்கடித்தால் அதற்குப் பிறகு என்ன வரும் என்று யோசிக்கிற வயதில்லை.

“உங்க அம்மாவுக்கு நானே கார்டு போடறேன். சனிக்கிழமை வரட்டும். அவங்க கைநாட்டு வச்சா நீயும் போடு. இல்லைன்னா பெட்டியை எடுத்துக்கிட்டு அவங்களோடவே போ” என்றார். குரல் உயரவேயில்லை.

அந்த மூன்று நாளும் நான் நன்றாகப் பயந்துபோனேன். இந்தப் படிப்பு போனால் எனக்கு நடவு வயல்தான். அம்மாவின் கால்விரல் இடுக்குகள் சேற்றுப்புண்ணில் வெந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு வரிக்காக இதையெல்லாம் விடுவாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடுவேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அம்மா விழுப்புரம் வந்து பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். சந்தை நாள் என்பதால் அப்பா வரவில்லை. அவளுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. கார்டைப் படித்துச் சொன்னவர்கள் ‘உடனே வரவும்’ என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து ஓடிவந்தவள், என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தாள். டீச்சருக்கென்று புது மல்லாட்டை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். டீச்சர் “உட்காருங்கம்மா” என்று பெஞ்சைக் காட்டியும் உட்காரவில்லை. மூட்டையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் காகிதத்தை எடுத்துப் படித்தார், எழுதியிருந்தபடியே, செந்தமிழில். அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள். ஒன்றும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“பொண்ணு தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க டீச்சரம்மா. எங்க வெக்கணும் சொல்லுங்க, வெச்சிடறேன்” என்று கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள்.

நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, அதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது? காயிதம்தானே. கைய வுடுடி, படிப்பு போயிடும்.”

“போனா போவட்டும். டீச்சர், நீங்களே சொல்லுங்க. எழுதுன மாதிரி இல்லாம, எங்கம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். படிக்கும்போது தடங்கலில்லாமல் வந்தது, சொல்லும்போது வரவில்லை. “ஒண்ணுமில்லேம்மா. நீங்க வீட்டுல சாப்பிடறது... அந்தக் கறி... அது மனுஷங்க இயற்கையா சாப்பிடற சாப்பாடு இல்லேன்னு... அதைச் சாப்பிட்டு வளர்ந்தது குத்தம்னு எழுதியிருக்கு” என்றார்.

அம்மா மை ஒட்டிய விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பிடியைத் தளர்த்தினேன். கையை இழுத்துக்கொண்டு போய் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“இவ எட்டு மாசத்துலயே பொறந்துட்டாங்க” என்றாள். டீச்சரிடம்தான் சொன்னாள், மரியாதையாக, ஊர்க்கதை சொல்வதுபோல. “பொழைக்க மாட்டா, தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருன்னாங்க. எனக்கு மார்ல சொட்டுப் பால் இல்ல. இவங்கப்பா சந்தையில இருந்து மாட்டெலும்பு கொண்டாந்து சாறு வெச்சிக் குடுத்தாரு. ஒரு மாசம் அதான் குடிச்சேன். அதக் குடிச்சிதான் பால் ஊறிச்சி. அந்தப் பாலக் குடிச்சிதான் இவ கண்ணு முழிச்சா. அது மனுசச் சோறு இல்லன்னா, இவ யாருங்க டீச்சரம்மா? இத்தினி நாளா நீங்க யாருக்குப் பாடம் சொல்லிக்கினு இருந்தீங்க?”

அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் டீச்சர் பதில் சொல்லியிருப்பார். அம்மா நிஜமாகவே கேட்டாள். பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். மாட்டு வாயைத் திறந்து நான் செய்த வாதமெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது.

டீச்சர் பேனாவைத் திறந்தார். முதல் வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

“கடைசி வரியும் டீச்சர்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அதையும் அடித்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான்: விடுதிக்குள் கொண்டுவந்த குற்றத்தை உணர்ந்து வருந்துகிறேன். அது உண்மை. அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

“அடிச்சிட்டீங்களா?” என்றாள் அம்மா.

“அடிச்சுட்டேம்மா.”

“எந்த எடத்துல இருந்திச்சி அது? காட்டுங்க.”

டீச்சர் முதல் வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அடித்திருந்தாலும் கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. அம்மா குனிந்து, தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, முழு பலத்தோடு அழுத்தினாள். ஒரு தடவை. மறுபடியும் மையைத் தொட்டுப் பக்கத்தில் இன்னொரு தடவை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று, வரி முடிகிற வரைக்கும்.

“கைநாட்டு கீழே வைக்கணும்மா” என்றார் டீச்சர், மெல்ல.

“இருக்கட்டுங்க. கீழ எம்பொண்ணு எழுதிக்குவா” என்றாள் அம்மா.

பேனாவை வாங்கிக்கொண்டேன். என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் அந்தக் காகிதத்தில் படிக்க முடியாது. அந்த வரி முழுக்க என் அம்மாவின் விரல்தான் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.